நீலத்துக்கு அடியில்

பழைய டிராக்டர் ஒன்று பட்டறைக்கு வந்தால் முதலில் சீட்டைக் கழற்றுவேன். வெயில் படாத அந்த இடத்தில்தான் கம்பெனி அடித்த நிறம் சாகாமல் கிடக்கும். அதைப் பார்த்துக் கலப்பதுதான் என் தொழில்.

மாமாவின் டிராக்டரை அவர் மகன் கொண்டுவந்தான். பக்கவாதம் வந்து மாமாவுக்குப் பேச்சும் போய்விட்டது.

"அப்பா ஜன்னல் வழியா இதையேதான் பாத்துக்கிட்டுக் கிடக்காரு மச்சான். வாங்கினப்போ இருந்த கலருக்குக் கொண்டுவந்துட்டா சந்தோஷப்படுவாரு."

எத்தனையோ முறை கேட்டும் மாமா என்னிடம் தராத வண்டி. பெயிண்டர் மருமகன் நான் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது, தன் கையாலேயே நீலம் பூசியிருந்தார். அதுவும் தேய்க்காமல், பழைய பெயிண்டுக்கு மேலேயே! பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சீட்டுக்கு அடியில் நல்ல சிவப்பு கிடைத்தது. முன் பம்பரைத் தேய்க்க ஆரம்பித்தேன். நீலம் போனதும், சிவப்புக்கு மேலே பச்சையாக ஒரு தீற்றல் தெரிந்தது.

அந்தப் பச்சையை எந்தக் கம்பெனியும் அடித்ததில்லை. மிஞ்சிய டப்பாக்களைக் கலந்து, தங்கை புருஷனின் ஸ்கூட்டருக்கு நான் செய்தது. "இனிமே நானே நெனச்சாலும் இது வராது மாப்ள" என்று பீற்றிக்கொண்டேன். "பாசி புடிச்ச குளம் மாதிரி இருக்கு, தவளை வந்து உக்காரப்போவுது" என்று அவர் சிரித்தார். மறுமாதம் ஏதோ வண்டி அவரைப் பின்னால் இடித்துவிட்டுப் போய்விட்டது. விடியும்வரை சாலையோரம் உயிரோடு கிடந்தார் என்றார்கள். முதலில் பார்த்ததாகச் சொன்னவர் மாமா. தூக்கி வந்தது, அடக்கம் செய்தது, நொறுங்கிய ஸ்கூட்டரைப் பழைய இரும்புக்குப் போட்டது எல்லாம் அவர்தான். அந்த வாரமேதான் டிராக்டரும் நீலமானது. துக்க வீட்டில் அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டியிருக்கிறான் பாவி.

ஆத்திரம் வந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. பட்டறையில் தேய்ப்பு வேலை தங்கையுடையது, இப்போது வந்துவிடுவாள். மாமாவைத் தெய்வமாக நினைப்பவள், தினமும் போய் அவருக்கு ஊட்டிவிடுபவள். இரண்டு இழுப்பில் பச்சை போய்விடும். உப்புத்தாளை எடுத்தேன்.

"அத விடுண்ணே."

பின்னால் நின்றாள். போல்ட்டு போட்டுவைக்கும் தட்டு கையில் இருந்தது. தட்டு என்ன தட்டு, இரும்புக் கடைக்குத் தப்பிய ஸ்கூட்டரின் பக்க மூடிதான் அது. போல்ட்டுகளைத் தரையில் கொட்டிவிட்டு, மூடியைத் தீற்றலுக்குப் பக்கத்தில் பிடித்தாள். இரண்டும் ஒரே பச்சை.

"மாமா தோள்ல சாஞ்சுதாண்ணே அன்னிக்கு அழுதேன்" என்றாள்.

"போலீசுக்குப் போவோம்மா."

"வாயும் கையும் வராத மனுஷன அவங்க என்ன பண்ணப்போறாங்க? இதே பச்சையக் கலந்து குடு. வண்டி முழுக்க அடிக்கணும்."

வராது என்று நான் சொன்ன நிறம் முதல் கலவையிலேயே வந்து தொலைத்தது.

வண்டியை ஜன்னலுக்கு நேரே நிறுத்தினோம். மாமா மகன் என்னைக் கண்டபடி திட்டினான். உள்ளே மாமா வண்டியைப் பார்த்தார். அவரால் முடிந்தது ஒன்றுதான், கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

தங்கை கிண்ணத்தோடு கட்டிலில் போய் உட்கார்ந்தாள்.

"கண்ணைத் தொறங்க மாமா" என்றாள். "தெனமும் பாத்துக்கிட்டேதான சாப்பிடுவீங்க?"