தோளில் எழுந்த மேடு

நகரப் பேருந்து ஓட்டும் அவளுக்குத் தோளில் ஒரு மச்சம் இருந்தது. சீட் பெல்ட் உரசி உரசி அதில் ரத்தம் கசியத் தொடங்கியதும் மருத்துவமனைக்குப் போய் எடுத்துவிட்டாள். பரிசோதனையில் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். தையல் பிரித்த இடம் நூல்போல் ஒரு கோடாகத்தான் இருந்தது.

சில மாதங்களில் அந்தக் கோடு தடித்தது. சிவந்து, பளபளத்து, மொச்சைக் கொட்டை அளவுக்கு மேடிட்டது. பெல்ட் பட்டாலே அரித்தது.

"கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையால்ல இருக்கு!" என்றான் கணவன். "மச்சக்காரின்னு நம்பிக் கட்டிக்கிட்டேன். இப்போ மச்சமும் போச்சு."

"போங்க, உங்களுக்கு அரிச்சாத்தான் தெரியும்."

தோல் மருத்துவரிடம், "இதையும் வெட்டி எடுத்துடுங்க டாக்டர்" என்றாள்.

அவர் விரலால் அழுத்திப் பார்த்தார். "வெட்டினா இன்னும் பெருசா வளரலாம்மா. காயம் எப்பவோ மூடிடுச்சு. உங்க உடம்புக்கு அது தெரியல. இன்னும் அடைச்சுக்கிட்டே இருக்கு."

அவளுக்குப் புல்லரித்தது. அவள் வண்டி ஓட்டும்போதும், சமைக்கும்போதும், அசந்து தூங்கும்போதும் இந்தத் தோளுக்குள் ஓயாமல் வேலை நடந்திருக்கிறது. யார் சொல்லி?

தழும்புக்குள்ளேயே ஊசி போட்டார் மருத்துவர். மருந்து லேசில் இறங்கவில்லை. உயிர் போய் உயிர் வந்தது. மாதம் ஒருமுறை போனாள். வீட்டில் தழும்பின் மேல் சிலிகோன் பட்டையை ஒட்டிக்கொண்டாள். பெல்ட்டுக்கு மெத்தென்ற உறை தைத்து மாட்டினாள். தழும்போ கல்லாகக் கிடந்தது. விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

ஒருநாள் சிக்னலில் நிற்கும்போதுதான் உறைத்தது, காலையிலிருந்து அரிக்கவே இல்லை. பணிமனைக்குத் திரும்பியதும் கண்ணாடி முன் நின்று தொட்டுப் பார்த்தாள். மேடு இளகியிருந்தது. அதன் ஓரம் தோலோடு தோலாகச் சரிந்திருந்தது.

"கரைஞ்சதெல்லாம் எங்க டாக்டர் போச்சு?"

"மருந்து போதும்னு சொல்லிச்சு. கட்டினத உங்க உடம்பே பிரிச்சு எடுத்துக்குது."

இன்னும் சில ஊசிகளுக்குப் பிறகு வெளிறிய ஒரு தடம்தான் மிஞ்சியது. கணவன் தயங்கித் தயங்கி விரலால் தடவிப் பார்த்தான். ஏதாவது கேலி வரும் என்று அவள் காத்திருந்தாள்.

"அடேங்கப்பா!" என்றான் மெல்ல. விரலை எடுக்கவே இல்லை.