பாதியில் நின்ற பச்சை எழுத்து

ஹெரால்ட் வென் இறந்துபோனது கல்லூரிக்குத் தெரியவே ஒன்பது நாள் ஆனது. அமெரிக்காவில் டொலீடோ நகரப் பக்கம் மூன்று கல்லூரிகளில் கட்டுரை வகுப்பெடுத்த பகுதிநேர ஆசிரியர். வராத நாளில், வேறு கல்லூரிக்குப் போயிருப்பார் என்று மூன்று இடத்திலும் நினைத்துக்கொண்டார்கள்.

அவர் வகுப்பு லோர்னா குபியாக்குக்கு வந்தது. அவளும் மூன்று கல்லூரிகளுக்கு ஓடும் பகுதிநேர ஆசிரியைதான். வீட்டில் தனி ஆள்.

பகுதிநேரக்காரர்களின் பொது அறையில் அவருடைய மேசை இழுப்பறையைத் திறந்தாள். திருத்திய கட்டுரைகள் இருந்தன. கடைசித் தாளின் ஓரத்தில் பச்சை மையில், "வாண்டா, அம்மா கதவைத் திறக்கும் இந்த இடத்தில் நீங்கள்" என்று எழுதி, அதோடு நின்றிருந்தது.

முடித்துவைக்கலாம் என்று பேனாவை எடுத்தாள். யாரோ தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பது போல் பிடரி சிலிர்த்தது. திரும்பினாள். நாற்காலியில் யாருடையதோ கோட்டு மட்டும் தொங்கியது. பேனாவை மூடிவிட்டாள்.

தாளை அப்படியே திருப்பிக் கொடுத்தாள். முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் மாணவி வாண்டா, ஐம்பது வயதுக்காரி, வகுப்பு கலைந்தும் போகவில்லை.

"டீச்சர், அவர் என்ன சொல்ல வந்தாரு? நல்லதா, கெட்டதா?"

"தெரியலங்க."

"பெரிய டீச்சர்! ஒரு ஊகம்கூடவா கிடையாது?" சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அவர் போயிட்டாருன்னு எங்ககிட்ட யாருமே சொல்லல. வகுப்புப் பட்டியல்ல டீச்சர் பேர் மாறிச்சு, அவ்வளவுதான்."

அதன்பின் அந்த மேசை முன்னால் உட்காரும்போதெல்லாம், பாதி வாக்கியத்தில் லோர்னாவின் கை தானாக நின்றது. நான் வராவிட்டால் யாருக்காவது தெரிய எத்தனை நாள் ஆகும்?

கல்லூரி அலுவலகத்தில் எழுத்தர் க்வென்னிடம் கேட்டாள். "என் அக்கா நம்பரைக் குறிச்சு வெச்சுக்கறியா? எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா..."

"பகுதிநேரத்துக்கான படிவத்துல அந்தக் கட்டமே இல்லியே, கண்ணு. எங்க எழுதுறது?"

லோர்னா திரும்பி வந்துவிட்டாள். மறுநாள் வகுப்பு முடிந்ததும் வாண்டாவை நிறுத்தி, 'என் அக்கா' என்று போட்டு அந்த எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி நீட்டினாள். வெட்கமாக இருந்தது.

வாண்டா எதற்கென்று கேட்கவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"நீங்க பத்து நிமிஷம் லேட்டானாலே உங்க அக்காவைக் கூப்பிட்டுருவேன். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது, ஆமா!"

"கூப்பிடுங்க," என்றாள் லோர்னா.