கண்ணாயிரத்தின் தலைக்குள் ஒரு பிறை

1

இந்தக் கதையை ஏற்கெனவே ஒரு தபா சொல்லிவிட்டேன். தப்பாகச் சொன்னேன். கேட்டவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை எப்படித் திருப்பி வாங்குவது என்று தெரியாமல்தான், கண்ணுகளா, இப்போது நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி கஸ்தூரியின் இட்லிக் கடை. காலையில் பெஞ்சில் போய் உட்கார்ந்தால் ஆட்டோ ஓட்டுகிற வேடியப்பன் கேட்பான், "இன்னிக்கி இன்னா கதைக்கா?" நாலு இட்லி தின்று முடிப்பதற்குள் முடிகிற மாதிரி ஒன்று சொல்வேன். பல வருஷப் பழக்கம்.

கஸ்தூரியின் புருஷன் கண்ணாயிரத்துக்கு அறுபத்து நாலு. தண்ணீர் பிடிப்பது, பார்சல் கட்டுவது அவர் வேலை. நாலு வருஷத்துக்கு முன் தீபத்தன்று மலையைப் பார்த்துச் சத்தியம் செய்து குடியை விட்டவர். ஒருநாள் காலை குடத்தோடு ரோட்டைத் தாண்டி வந்தார். இடது கால் செருப்பு நடு ரோட்டிலேயே நின்றுவிட்டது. அவருக்கு அது தெரியவில்லை. லேசாகச் சாய்ந்த நடையில் வந்து குடத்தை இறக்கினார்.

எனக்கு அது போதுமாக இருந்தது. பத்து நிமிஷத்தில் கதை கட்டிவிட்டேன். ஒருத்தன் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணினான். வலது செருப்பு சத்தியத்தைக் காப்பாற்றியது, இடது செருப்பு மட்டும் தனியாகப் போய்க் குடித்துவிட்டு வந்தது. பேர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. வேடியப்பனுக்குச் சட்னி மூக்கில் ஏறியது. கஸ்தூரி முதுகைக் காட்டிக்கொண்டு மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் அவர் தலைக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

2

தொடக்கத்துக்கு எழுதிப் பார்த்தவை.

["பௌர்ணமிக் கூட்டத்துக்காகக் கடை முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். அதன் இரும்புக் குழாய் விதியின் கை போல நீண்டு —" வேண்டாம். அது வாடகைக் குழாய். மறுநாள் பந்தல்காரர் வந்து கழற்றிக்கொண்டு போய்விட்டார்.]

["ணங் என்றது."]

இது உண்மை. ஆனால் இதற்கு அப்புறம் ஒன்றுமே நடக்கவில்லை, அதுதான் கஷ்டம். கீழே விழுந்த கரண்டியை எடுத்து நிமிர்ந்தபோது கண்ணாயிரம் அந்தக் குழாயில் உச்சிக்குக் கொஞ்சம் வலப்பக்கமாக இடித்துக்கொண்டார். "கொயாய்க்கு ஒண்ணும் ஆவலியே?" என்று யாரோ கேட்டார்கள். அவரும் சிரித்தார். ரத்தம் இல்லை, மயக்கம் இல்லை, சுண்டைக்காய் அளவுக்கு ஒரு வீக்கம். தேய்த்துவிட்டுக்கொண்டு பார்சல் கட்டப் போய்விட்டார்.

செருப்பு நின்றது இதற்கு ஐந்து வாரம் கழித்து. ஐந்து வாரத்துக்கு முன்னால் கேட்ட சின்னச் சத்தத்தை எந்தக் கதைசொல்லி ஞாபகம் வைத்திருப்பாள்?

(ஓரக் குறிப்பு: நெஞ்சுத் துடிப்பு சீராக இல்லை என்று ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை தினமும் சாப்பிட்டு வந்தார். சாப்பிட வேண்டிய மாத்திரைதான், குறை சொல்லவில்லை. ஆனால் மாத்திரை நெஞ்சுக்கு மட்டும் போய் நிற்காது, தலைக்கும் போகும் என்று எங்களில் யாரும் யோசித்ததில்லை.)

3

என் வீட்டு மாடியில் நந்தினி குடியிருக்கிறாள். டவுனில் ஸ்கேன் எடுக்கிற வேலை. இதெல்லாம் நடந்த பிறகு ஒருநாள் என் தலையிலேயே விரலை வைத்து எனக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

"இது தோலும்மா. கீழ எலும்பு. எலும்புக்கு உள்பக்கம் கெட்டியா ஒரு சவ்வு. அதுக்கும் கீழ சிலந்தி வலை மாதிரி ஒண்ணு. கடைசியா ஒண்ணு, நனைஞ்ச துணி மாதிரி மூளைமேல ஒட்டிக்கினு இருக்கும்."

"மூணு போர்வையா?"

"மூணு. நடுவுல தண்ணி. மூளை அதுல மிதக்குது. எடுத்து எடை போட்டா ஒரு கிலோ முந்நூறு, நானூறு கிராம் வரும். மிதக்குறதால உள்ள ஐம்பது கிராம் கனம்தான்."

எழுபத்தொரு வருஷமாக இதைக் கழுத்துக்கு மேல் வைத்துக்கொண்டு அலைகிறேன். ஒருவரும் சொல்லவில்லை எனக்கு.

[எழுதி அடித்தது: "தேங்காயைப் போல…" எல்லாரும் தேங்காய் என்றுதான் எழுதுவார்கள். தேங்காய்க்குள் யாரும் பயப்படுவதில்லை, யாரும் சத்தியம் செய்வதில்லை.]

மூளையிலிருந்து மேல் சவ்வுக்குச் சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் போகின்றனவாம். இரண்டு சுவருக்கு நடுவே கட்டிய துணிக்கொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். வயசாக ஆக மூளை கொஞ்சம் சுருங்குகிறது, சுவர் விலகுகிறது, கொடி விறைத்துக்கொண்டு நிற்கிறது. அந்த நேரத்தில் ஒரு சின்ன இடி போதும். ஒன்று அறுந்தால் சொட்டுச் சொட்டாக, வாரக்கணக்கில்.

"வெளிய காயம்னா ரத்தம் கீழ ஊத்திடும். மண்டை ஓட்டுக்கு வழி கெடையாதுமா. எலும்பு நகராது. அப்ப எது நகரும்?"

நான் என் உச்சியைத் தொட்டுப் பார்த்தேன்.

"மூளைதான்" என்றாள். "ஜாஸ்தி நகர்ந்துச்சுன்னா மூச்சு வுடறதுக்கு இருக்கற இடத்தையே போய் அமுக்கிடும்."

இன்னொன்றும் சொன்னாள். உடம்பில் எங்கே வலித்தாலும் வலிக்கிறது என்று நமக்குச் சொல்வது மூளை. அந்த மூளையைத் தொட்டால் அதற்கு வலிக்காது.

4

இப்போது கஸ்தூரி. இவளைக் கதையில் வைக்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. முப்பத்தைந்து வருஷம் கூட இருந்தவளுக்குப் புருஷன் நடை மாறியது நோய் என்று தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். அவளிடமே கேட்டேன். "எழுதுக்கா. நான் பேசாம இருந்ததையும் எழுது" என்றாள்.

என் கதையைக் கேட்ட அன்றிலிருந்து பதினோரு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. தட்டை வைக்கும்போது சத்தம் வரும், அவ்வளவுதான். பேசிய ஒரே பேச்சு இது.

"தலைய வலிக்குதுமே."

"குடிச்சா வலிக்கத்தான் வலிக்கும்."

"யாரு குடிச்சது?"

"போய் உன் செருப்பக் கேளு."

அவர் நிஜமாகவே குனிந்து செருப்பைப் பார்த்தாராம். பார்சலில் சட்னி வைக்க மறந்தார். சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டார். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் தூங்கினார். ஒவ்வொன்றும் அவர் குடிப்பதற்குச் சாட்சியாக அவளிடம் போய்ச் சேர்ந்தது. [இங்கே "என் கதைதான் காரணம்" என்று எழுதினேன். அடித்தேன். மறுபடி எழுதுகிறேன்: என் கதையும் காரணம்.]

5

எங்கள் ஊரில் தலைவலி விடாமல் இருந்தால் இடுக்குப் பிள்ளையார் கோயிலுக்குப் போவது வழக்கம். கிரிவலப் பாதையில் இருக்கிறது. பின்பக்கத்து ஓட்டை வழியாக ஒருக்களித்துப் படுத்து நுழைந்து, கையை ஊன்றி உந்தி உந்தி, முன்பக்கமாக வெளியே வர வேண்டும். தொப்பை இருக்கிறவர்கள்கூட வந்துவிடுவார்கள். கண்ணாயிரத்துக்குத் தொப்பையே கிடையாது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கஸ்தூரி அவரை வேடியப்பன் ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போனாள். தலைவலியோடு குடியையும் பிள்ளையார் எடுத்துக்கொள்வார் என்று அவள் கணக்கு.

அவர் நுழைந்தார். பாதியில் நின்றுவிட்டார்.

"யோவ், உள்ளயே குடித்தனம் பண்ணப் போறியா?" என்றாள் கஸ்தூரி, முன்பக்கத்தில் குந்திக்கொண்டு.

"வர்றேன்மே."

வரவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வேடியப்பன் பின்பக்கமாகக் குனிந்து பார்த்தான். "அண்ணே, வலது கையாலயே தள்ளிக்கினு இருக்கறீங்க. இடது கையையும் ஊனுங்கண்ணே."

"ஊனிக்கினுதான்டா இருக்கறேன்."

இடது கை கல்லின் மேல் சும்மா கிடந்தது. அவர் அது வேலை செய்துகொண்டிருப்பதாகவே நம்பினார்.

வேடியப்பன் காலைப் பிடித்துத் தள்ள, கஸ்தூரி தோளைப் பிடித்து இழுத்தாள். அவர் முகம் அவள் முகத்துக்கு ஒரு சாண் கிட்டே வந்தது. பதினோரு நாளாக அவள் அந்த முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் போகவில்லை. மூச்சு அவள் மேல் பட்டது. காப்பி வாசனை. வேறு ஒன்றும் இல்லை. அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு ஒரு பக்கம்தான் ஏறியது.

"வேடியப்பா, வண்டிய எடு" என்றாள். கோயிலுக்குள் பார்த்துக் கும்பிடக்கூட இல்லை.

6

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தது நம் நந்தினிதான். திரையில் தலையைக் குறுக்கே சீவினாற்போல் தெரியுமாம். வலப்பக்கம், எலும்பை ஒட்டி, கருத்த பிறை ஒன்று. மூளையின் நடுக்கோடு நேராக இருக்க வேண்டியது, வளைந்து இடப்பக்கம் ஒதுங்கி நின்றது. மூளையின் வலது பாதிதான் இடது கை காலை ஆட்டுவிக்கிறது. அதனால்தான் செருப்பு. அதனால்தான் கை.

(ஊரே முழுநிலாவுக்காக மாசம் முழுக்கக் காத்திருக்கிறது. ஒருத்தர் மட்டும் தலைக்குள் பிறையோடு நடந்து —. இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனசு வரவில்லை.)

டாக்டர் மதிவதனி கஸ்தூரியை உட்காரவைத்துச் சொன்னார். "மண்டையில ரெண்டு ஓட்டை போட்டு, தேங்கி நிக்கறத வடிக்கணும்மா. பழைய ரத்தம், என்ஜின் ஆயில் மாதிரி கருப்பா இருக்கும். ஆனா அவர் சாப்பிடற மாத்திரையால இப்ப தொட்டா புதுசா கசியறது நிக்காது. அதை மாத்த ஊசி போட்டிருக்கோம். கொஞ்ச நேரம் காத்திருக்கணும். அதுக்குள்ள நினைவு கம்மியாச்சுன்னா காத்திருக்க முடியாது."

"காத்துக்கினு இருந்தாலும் ஆபத்து, காக்காட்டியும் ஆபத்தா?"

"ஆமாம்மா."

கஸ்தூரி கையெழுத்துப் போட்டாள்.

7

சாயந்தரம் உள்ளே கொண்டுபோனார்கள். சேதி கேட்டு வந்த நானும் கஸ்தூரியும் வெளியே பெஞ்சில். இங்கே இரண்டு முடிவு எழுதி வைத்திருக்கிறேன்.

[முடிவு ஒன்று: கண் விழித்ததும் இடது கையைத் தூக்கி, "தண்ணி புடிச்சிட்டாங்களாமே?" என்று —]

[முடிவு இரண்டு: கஸ்தூரி கடையில் தண்ணீர்க் குடத்தை இனிமேல் —]

இரண்டையும் நிறுத்திவிட்டேன். அந்த பெஞ்சில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

"கஸ்தூரி, அந்தச் செருப்புக் கதைய நான் சொல்லியிருக்கக்கூடாது."

"நானும்தான் சிரிச்சேன்க்கா. அடுப்பாண்ட திரும்பிக்கினு சிரிச்சேன். அப்பறமாத்தான் கோவம் வந்துது." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "வேற கதை சொல்லு. எதனா சொல்லு. அவரு உள்ள இருக்கசொல்ல முடிச்சிடாதே" என்றாள்.

சொன்னேன். யாரையும் பார்த்துச் சிரிக்க முடியாத கதை. ஒரு பெண் மலையைச் சுற்றி நடக்கிறாள். கதை தீர்ந்துபோகிற இடத்திலெல்லாம் அவளுக்கு இன்னொரு பாதையை வெட்டிக் கொடுத்தேன். நான் மூச்சு வாங்குகிற இடமெல்லாம் "அப்பறம்?" என்று கஸ்தூரி கேட்டாள். ஐம்பது வருஷமாகக் கதை சொல்கிறேன், அப்படி யாரும் என்னிடம் கேட்டதில்லை.

கதவு திறந்தது. பச்சைத் துணி கட்டிய நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"கண்ணாயிரம் கூட வந்தவங்க யாரு?"

கஸ்தூரி எழுந்திருக்கவில்லை. கதவுப் பக்கம் திரும்பவும் இல்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"அப்பறம்?" என்றாள்.

நான் நர்ஸின் முகத்தைப் பார்த்துவிட்டேன். பார்த்ததை எழுத மாட்டேன். ஒருமுறை அந்த மனுஷரின் நடையைப் பார்த்து நானாக முடிவு கட்டியவள் நான். மறுபடி அவர் விஷயத்தில் முடிவு கட்ட எனக்கு வாய் வரவில்லை.

நர்ஸ் இரண்டாவது தடவை கூப்பிடுகிறாள். கஸ்தூரிக்குக் கால் எழவில்லை. இந்தப் பக்கத்துத் தோளை நான் பிடித்திருக்கிறேன். அந்தப் பக்கம் யாரும் இல்லை. வாங்க, கண்ணுகளா. பிடிங்க.