உள்ளங்கையில் ஒரு தட்டு

தட்டாஞ்சாவடி ஷெட்டுக்குள் பிரேம்குமார் நுழைந்தபோது அவன் மனைவி சிவசங்கரியின் கை, விமானத்தின் இறக்கைக்குள் தோள்வரை போயிருந்தது. வெளியே வெற்றிச்செல்வன் ரிவெட் கன்னோடு நின்றான். டர்ரென்று ஒரு சத்தம், நிறுத்தம், மறுபடி டர். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பேசிச் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். இந்த மௌனத்தைத்தான் தாங்க முடியவில்லை.

அதைவிட மோசம் வெற்றிச்செல்வனின் இடது கை. அது தகட்டின்மேல் விரித்தபடி, தடவிக்கொடுப்பதுபோல் கிடந்தது. அந்தப் பக்கம் அவள் கை, இந்தப் பக்கம் அவன் கை, நடுவில் ஒரு மெல்லிய தகடு. அவள் வார்த்தைக்கு வார்த்தை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறாள். பொறாமைக்கு அதெல்லாம் காதில் விழுமா?

பெட்டியில் பாகங்களாக வரும் குட்டி விமானம் ஒன்றை வாங்கிக் கட்டுவதென்று பள்ளிக்கூடக் காலத்திலேயே பேசிவைத்தவர்கள் பிரேம்குமாரும் வெற்றிச்செல்வனும். இருக்கை இரண்டு, ஆளும் இரண்டு. தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணியை அடிக்கவும் இரண்டு ஆள் வேண்டும். வெளியே ஒருவர் கன்னால் ரிவெட்டின் தலையில் அடிக்க, உள்ளே மற்றவர் அதன் வாலுக்கு இரும்புக்கட்டியை முட்டுக்கொடுப்பார். கட்டி இல்லாமல் அடித்தால் தகடு பள்ளமாகிவிடும். விமானத்தின் வால்பகுதியை நண்பர்களே முடித்தார்கள். இறக்கை இடுக்கில் பிரேம்குமாரின் முழங்கை நுழையவில்லை. "சங்கரி கை சின்னதுடா" என்று அவளைக் கூட்டி வந்ததும் அந்தப் புத்திசாலியேதான். இப்போது ஜோடி அவர்கள், மூன்றாம் ஆள் இவன்.

"கன்ன குடுறா. இன்னிக்கி நான் அடிக்கிறேன்."

"குடுக்கறேன்டா. அதுக்கு முன்னாடி நாங்க ஒரு முறை வச்சிருக்கோம், அத கேட்டுக்க."

நாங்களாம்! "எனக்கு ரிவெட் அடிக்கத் தெரியாதா?" என்று பிடுங்கிக்கொண்டான்.

முதல் ரிவெட் அழகாக உட்கார்ந்தது. கன்னை அடுத்ததில் வைத்து, "சரியா?" என்றான்.

"சரி" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அடித்தான். சத்தம் வேறு மாதிரி கேட்டது. கன்னை எடுத்துப் பார்த்தால், தகட்டில் கட்டைவிரல் அளவுக்குப் பள்ளம்.

"சரின்னியேடி!"

சிவசங்கரி கையை வெளியே இழுத்தாள். "அடிச்சது சரியான்னு கேட்டீங்கன்னு நெனச்சேன். கட்டிய எடுத்துட்டு தடவிப் பாத்தேன், சரியா இருந்துச்சு, சரின்னேன்."

"இதுக்குத்தான்டா அந்த வார்த்தையே வேணாம்னு தங்கச்சி சொல்லிச்சு" என்றான் வெற்றிச்செல்வன். "கட்டிய வச்சா உள்ளருந்து ஒரு தட்டு, எடுத்தா ரெண்டு தட்டு. வெளிய கைய வச்சிருந்தா தெரியும்."

அந்தக் கை அதற்குத்தானா! பிரேம்குமாருக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் விடவில்லை. "ஏன், சரிங்கற வார்த்தைக்கு இன்னா கேடு?"

"நம்ம வீட்டுல தெனம் கேக்கறேனே" என்றாள் சிவசங்கரி. "கேஸ் தீந்துடுச்சுன்னா சரிம்பீங்க. இனியாவுக்கு ஜொரம்னா சரி. பொண்ணுக்கு இன்னாச்சுன்னு சாயங்காலம் என்னையே கேப்பீங்க. காதுல வாங்கினாலும் சரின்னுதான், வாங்காட்டியும் சரின்னுதான். அத நம்பி நான் எப்படிங்க உள்ள கைய வைப்பேன்?"

"சரி, சரி" என்றுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். வெற்றிச்செல்வன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

பள்ளம் விழுந்த தகடு பறப்பதற்குத் தடையில்லை, ஆனால் அந்த வடு போகாது. சிவசங்கரி கையை மறுபடி இறக்கைக்குள் விட்டாள். பிரேம்குமார் அடுத்த ரிவெட்டில் கன்னை வைத்து, இடது கையைத் தகட்டின்மேல் விரித்தான். வெற்றிச்செல்வன் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்பதைப் பார்க்க, வெட்கத்துக்கு நடுவிலும் அவனுக்குக் கொஞ்சம் குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

தட்டு வரவில்லை. சரியா என்று கேட்க வாய் துடித்தது, அடக்கிக்கொண்டான். வேண்டுமென்றே காக்கவைக்கிறாள் என்று புரிந்தது. இத்தனை வருஷத்தில் அவள் சொல்லப்போவதற்காக அவன் இப்படிக் காத்து நின்றதேயில்லை.

பிறகு, உள்ளங்கையில் ஒரே ஒரு தட்டு.