வாசலில் கற்கண்டுத் தட்டு

1

இந்தக் கதை ஓர் ஆட்டு ரத்தச் சீசாவில் தொடங்கியது என்று எழுதினேன். அடித்துவிட்டேன். பொய்யில்லை, ஆனால் நீங்கள் கொலையை எதிர்பார்ப்பீர்கள்.

தொடங்கியது 1991 ஆவணியில், தாம்பரத்துக் கல்யாண மண்டப வாசலில். என் கணவர் தயாளன் போய் மூன்று வருடம். அவருடைய அக்கா கங்கையம்மாளின் மகள் குணசுந்தரிக்கு அன்று கல்யாணம். அவளைப் பாதி வளர்த்தவள் நான். முகூர்த்த ரவிக்கையும் நான் தைத்ததுதான். தாலி ஏறும்முன் அவளை ஒருமுறை பார்க்க வேண்டும்.

2

தயாளன் கல்லூரி ஆய்வகத்தில் ஆட்டு ரத்த அணுக்களை ஆராய்ந்தார். அவருடைய ஆய்வேட்டைப் புரியாமல் தட்டச்சு செய்ய மாட்டேன் என்று சண்டை போட்டதால் எனக்கும் சொன்னார்.

"செல்லு மேல சர்க்கரை, சங்கிலி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும். நுனிச் சர்க்கரை ஒரு மூடி. அதைக் கழுவிட்டா அடியில இருக்கற சர்க்கரை வெளிய தெரியும். அதைப் பிடிக்க வெள்ளணுவுக்கு ஒரு கை உண்டு, ரிசப்டர். நேத்து சும்மா விட்ட அணுவை இன்னிக்கு முழுங்கிடும்."

"அதே அணுதானே?"

"அதேதான்."

"பாவிங்க."

"அதுக்குக் கோபதாபமெல்லாம் தெரியாது. கதை கட்டாம டைப் அடி."

(மஞ்சள் காமாலை. முப்பத்தாறு வயது. இதற்குமேல் இந்த வாக்கியம் நகரவில்லை.)

3

பத்தாம் நாள் பெண்கள் சுற்றி உட்கார்ந்து என் பூவையும் பொட்டையும்

வேண்டாம். இதுவும் அணுவைக் கழுவுவதும் ஒன்றுதான் என்று எழுதினால் கதை அழகாக முடிந்துவிடும். தயாளன் ஒத்துக்கொள்ள மாட்டார்.*

*வெள்ளணு தொட்டுப் பார்த்துத்தான் முடிவெடுக்கும். கங்கையம்மாளுக்குத் தூரத்திலிருந்தே போதும்.

4

சந்தனம், குங்குமம், கற்கண்டு வைத்த தட்டோடு கங்கையம்மாள் வாசலில் நின்றாள். எனக்கு முன்னால் போன பக்கத்து வீட்டு ரத்தினபாய்க்கு நீட்டினாள். அடுத்து நான். தட்டு என்னைத் தாண்டிப் பின்னால் இருந்தவளிடம் போனது.

"அக்கா, குங்குமம் வேணாம். ஒரு கற்கண்டு குடுங்க."

"இன்னாடி இது, வாசல்ல நின்னுகினு? பின்பக்கமா போய் உக்காரு."

"பொண்ணைப் பாக்கணும். ரவிக்கை சரியா இருக்கான்னு..."

"எல்லாம் சரியாத்தான் கீது. தாலி ஏறட்டும், அப்பால பாரு."

ரத்தினபாய் திரும்பினாள். "ஏன் கங்கா, கற்கண்டு சப்பவும் புருசன் வேணுமா?"

யாரோ சிரித்தார்கள். தட்டு அந்தரத்தில் நின்றது.

5

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவள் கற்கண்டு தந்தாள். எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஒன்றில் நான் தட்டைத் தட்டிவிட்டேன். அது நான் இல்லை. ஒன்றில் பின்வாசல், அதை எழுத விருப்பமில்லை.

அடுத்த முகூர்த்தத்தில் ஏதோ ஒரு வாசலில் நீங்கள் தட்டோடு நிற்பீர்கள். பொட்டில்லாமல் ஒருத்தி வருவாள். முடிவை அங்கே எழுதுங்கள். வெள்ளணுவுக்குத் தயாளன் சொன்ன சாக்கு உங்களுக்குச் செல்லாது.