உருகிப்போன புழுக்கள்

கல்குவாரிக் குட்டையின் கரையில் உட்கார்ந்து தூண்டில் பெட்டியைத் திறந்ததும் டைல்ஸ் மேஸ்திரிக்குக் கோபம் ஏறியது. உள்ளே, மீனுக்கு இரையாகக் கொக்கியில் மாட்டும் ரப்பர் புழு ஒன்றுகூட முழுதாக இல்லை. பச்சை, ஊதா, கறுப்பு எல்லாம் கலந்து ஒரே பிசினாகக் கிடந்தது. விரலை வைத்தால் நூல் நூலாகக் கூடவே வந்தது.

"கொக்கு, இதத் தொட்டியா?"

கொக்கு அவர் மனைவியின் தம்பி. நெடுநெடுவென்று வளர்ந்த லாரி டிரைவர். அக்கா வீட்டிலேயே சாப்பாடு, படுக்கை.

"அடுக்கி வச்சேன் மாமா. ஒவ்வொண்ணும் ஒரு கவர்ல கிடந்துச்சு. வீடு பூரா குப்பைன்னு அக்கா கத்துச்சு. கவர தூக்கிப் போட்டுட்டு எல்லாத்தையும் ஒண்ணா போட்டேன்."

"அப்புறம்?"

"லாரி கண்ணாடிகிட்ட வச்சிருந்தேன். மறக்காம எடுத்துட்டு வரணும்ல."

அந்த வெயிலில் தார் ரோடே இளகும். அதைவிட மோசம், இழுத்தால் முழம் நீளும் புதுரகப் புழுவையும் சாதாரணப் புழுவையும் ஒன்றாகப் போட்டது. இரண்டும் தொட்டுக்கொண்டால் ஒன்றையொன்று தின்று உருகிவிடும். அதற்குத்தான் தனித்தனிக் கவர். மேஸ்திரி எத்தனை தடவை சொல்லியிருப்பார்.

"நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன் மாமா."

"நீ நல்லது செய்யாம இருந்தாலே நாங்கல்லாம் நல்லா இருப்போம்."

நாளை முதல் மண் லாரிகள் வந்து குட்டையை மூடப்போகின்றன. தண்ணீருக்குள் சாய்ந்த மரத்தின் அடியில் ஒரு கிழட்டு விரால் மீன் இருந்தது. வாயைத் திறந்தால் மூடிய கை உள்ளே போகும். ஒரு வருஷமாக மேஸ்திரியின் தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போகிற மீன் அது. யார் வீட்டுத் தரையிலோ முட்டி தேய டைல்ஸ் ஒட்டும்போதெல்லாம் அவர் அதையேதான் நினைத்துக்கொண்டிருப்பார். இன்று விட்டால் விட்டதுதான். கையில் கொக்கி இருக்கிறது, ஈயக்குண்டு இருக்கிறது. புழு இல்லை.

தூண்டிலைக் கரையிலேயே வீசி எறிந்துவிட்டுப் பாறையில் போய் உட்கார்ந்தார்.

கொக்கு பெட்டியைத் தன் பக்கம் இழுத்தான். பிசினில் ஒரு துண்டைக் கத்தியால் அறுத்தான், கொக்கியில் அப்பினான், தூண்டிலை எடுத்து மரத்தோரம் போட்டான்.

"அந்தச் சாணிய அது மோந்துகூடப் பாக்காது" என்றார் மேஸ்திரி.

தூண்டில் கோல் வளைந்தது.

தண்ணீருக்கு மேல் ஒருமுறை அது முதுகைக் காட்டியது. அதேதான். பழைய கொக்கி கிழித்த உதடுகூடத் தெரிந்தது. மேஸ்திரிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஒரு வருஷம் நாயாய் அலைந்தது அவர். அகப்பட்டது இந்தத் தடியனுக்கு, அதுவும் அவர் வேட்டையைக் கெடுத்த அந்தக் குப்பையிலேயே.

"மாமா, வாங்க, நீங்க பிடிங்க."

"உனக்குத்தானே மாட்டுச்சு. நீயே இழு."

மீன் மரத்தின் வேர்ப் பக்கம் திரும்பியது. கோலை இடது பக்கம் சாய்த்து, தண்ணீரோடு தண்ணீராகத் தாழ்த்திப் பிடித்தால் வெளியே வந்துவிடும். மேஸ்திரிக்கு அது தெரியும். கொக்கு முட்டாள்தனமாகக் கோலை மேலே தூக்கிக்கொண்டிருந்தான்.

"எந்தப் பக்கம் மாமா? சொல்லுங்க. உள்ள போகுது மாமா."

மேஸ்திரி பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். நரம்பு வேரில் உரசுகிற சத்தம் பாறைவரை கேட்டது. பிறகு பட்டென்று அறுந்தது. தண்ணீர் ஒரு சுழி சுழித்து அடங்கியது.

கொக்கு திரும்பினான்.

"உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"பாத்துட்டே இருந்தீங்க."

"ஆமா."

கொக்கு சத்தம் போடுவான் என்று மேஸ்திரி எதிர்பார்த்தார். போட்டிருந்தால் அவரும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பார், இரண்டு பேரும் ஒன்றாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவன் நரம்பைச் சுற்றினான், கோலைப் பெட்டிமேல் வைத்தான், லாரிச் சாவியை எடுத்துக்கொண்டான்.

"நான் லாரி ஷெட்லயே படுத்துக்கறேன். அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"என்னன்னு சொல்றது?"

"நடந்தத சொல்லுங்க மாமா."

லாரி கிளம்பிப் போனது. என்ன சொல்வதென்று மேஸ்திரி வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தார். எங்கே ஆரம்பித்தாலும், தான் பாறையில் உட்கார்ந்திருந்த இடத்தில்தான் வந்து நின்றது.