பெட்டியில் விழாத கார்டு

ஜோசலின் போன் செய்தபோது ஷ்யாம்சுந்தர் ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் நின்றிருந்தான். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டான்.

"அண்ணா, நாளைக்கு மத்தியானம் வீட்டுக்கு வந்துடுங்க. சாப்பாடு இங்கதான். ஆனா சாப்பாட்டுக்காகக் கூப்பிடல."

"என்னம்மா ஆச்சு?"

"உங்க ஃப்ரெண்டுக்குக் கப்பல் வேலைக்கு இன்டர்வியூ வந்திருக்கு. அவருக்குத் தெரியாம நான்தான் அப்ளை பண்ணேன். திங்கக்கிழமை காலைல பத்து மணி, கிண்டில. போக மாட்டேன்னு ஒரே அடம். நான் சொன்னா சண்டையாகுது. நீங்க சொன்னா கேப்பாரு. ஏழு மாசம் ஒரே ரூம்ல இருந்தவங்க நீங்க."

பச்சை விழுந்தது. பின்னால் நின்ற பஸ் பொறுக்காமல் ஹாரன் அடித்தது. "வர்றேம்மா" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான். சேலையூர் தாண்டும்வரை அவனுக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. ஜோசலினின் கணவன் மெர்வின் ஏன் போக மாட்டேன் என்கிறான் என்பது ஊரில் ஒருத்தருக்குத் தெரியுமென்றால், அது அவனுக்குத்தான் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன் இருவரும் 'எலினோரா' என்ற பயணிகள் கப்பலில் அறைப் பணியாளர்களாக இருந்தார்கள். சென்னைப் பையன்கள் யாரும் அதை அந்தப் பெயரால் அழைத்ததில்லை. கிழவி என்பார்கள். "கிழவிக்கு இன்னிக்கு மூட் சரியில்ல" என்றால் கடல் கொந்தளிக்கிறது என்று அர்த்தம். முந்நூறு பேருக்கு மேல் ஏற முடியாத சின்னக் கப்பல். இப்போது வரும் கப்பல்கள் பெருங்களத்தூர் அடுக்குமாடிகளைக் கடலில் இறக்கிவிட்ட மாதிரி நிற்கின்றன, கிழவி அப்படியில்லை. பெரிய கப்பல்கள் வெளியிலேயே நின்றுவிடும் துறைமுகங்களுக்குள் அவள் இடுப்பை ஒடுக்கிக்கொண்டு நுழைந்துவிடுவாள். நார்வேயில் இரண்டு மலைகளுக்கு நடுவே போகும்போது அருவிச் சாரல் மேல்தளத்து நாற்காலிகளை நனைக்கும். துடைத்துவிட்டு நிமிர்வதற்குள் மறுபடி நனைக்கும். இன்ஜின் வேகமெடுத்தால் சாப்பாட்டுக் கூடத்துக் கண்ணாடிக் கோப்பைகள் கிணுகிணுக்கும். லிப்ட் இரண்டாம் தளத்தில் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் மூன்றாவதுக்கு ஏறும்.

பயணிகளும் கிழவியின் வயதுக்காரர்கள்தான். ஆறாவது முறை, ஒன்பதாவது முறை என்று வருவார்கள். ஏறியதும் படிக்கட்டின் மரக் கைப்பிடியைத் தடவிக்கொடுப்பார்கள். ஷ்யாமும் மெர்வினும் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஓர் அறையில் இருந்தார்கள். மேல் படுக்கை ஷ்யாமுக்கு, கீழ்ப் படுக்கை மெர்வினுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறையிலிருந்து பாலு அண்ணன் ஒரு பிளாஸ்க் நிறைய ரசம் கொடுத்தனுப்புவார். அதைக் காபி மாதிரி ஊற்றிக் குடித்துக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் கடல் உரசும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடப்பார்கள். அவ்வளவு சந்தோஷமாக ஷ்யாம் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

இப்போது அவன் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு கார் ஷோரூமில் வேலை பார்க்கிறான். மாலையில் கேம்ப் ரோட்டில் ஆங்கில வகுப்பு. தினமும் ஒரு பக்கம் டைரி எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். தேதி போட்டு, அடிக்கோடிட்டு, கிழவியைப் பற்றியே பதினைந்து நாள் எழுதினான். வகுப்பில் எல்லோரும் ரசித்தார்கள். பதினைந்து நாளில் ஒரு நாளைப் பற்றி மட்டும் எழுதவில்லை.

அது கடைசிப் பயணத்தின் கடைசி நாள்.

கப்பலில் ஒரு வழக்கம் உண்டு. பயணம் முடியும்போது பயணிகளிடம் ஒரு கார்டு கொடுப்பார்கள். யாருடைய வேலை பிடித்திருந்ததோ அவர்கள் பெயரை எழுதி, வரவேற்பறையில் இருக்கும் பெட்டியில் போட வேண்டும். எத்தனை கார்டில் பெயர் வந்தது என்பதுதான் பணியாளனின் ஜாதகம். கிழவியை விற்கப்போகிறார்கள், ஒவ்வொரு தளத்திலிருந்தும் ஒருவரை மட்டும் கம்பெனியின் புதிய பெரிய கப்பலுக்கு எடுப்பார்கள், சமமாக வந்தால் சீனியருக்கு என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் தளத்தில் இவர்கள் இருவர்தான். ஏழு மாதத்தில் அதுவரை ஷ்யாமுக்கு ஒரே ஒரு கார்டு வந்திருந்தது. மெர்வினுக்கு ஒன்றும் இல்லை. மெர்வின்தான் சீனியர்.

மெர்வின் வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் பயணிகள் வெளியே போன பிறகுதான் அறைக்குள் நுழைவான், அவர்கள் திரும்புவதற்குள் மறைந்துவிடுவான். ஷ்யாம் அப்படியில்லை. "என் பெயர் ஷ்யாம், ஏதாவது வேணும்னா கூப்பிடுங்க" என்று முதல் நாளே பெயரைப் பதித்துவிடுவான்.

அன்று காலை மெர்வின் பயணிகளின் பெட்டிகளை இறக்கப் போயிருந்தான். அவன் பொறுப்பில் இருந்த அறைகளையும் ஷ்யாம் பார்த்துக்கொண்டான். 213-இல் தனியாக வந்திருந்த ஸ்காட்லாந்துக் கிழவியம்மாள் அவனைக் கூப்பிட்டு, முழங்கால் வலிக்கிறது, இதைப் பெட்டியில் போட்டுவிடு என்று கார்டைக் கையில் கொடுத்தாள். தாழ்வாரத்தில் நின்று படித்தான். நான்கைந்து வரிகள். மெர்வினின் பெயர் இரண்டு முறை இருந்தது.

துணிகளை இறக்கிவிட்டுப் போடலாம் என்று சட்டைப்பைக்குள் வைத்தான். அப்புறம் சாப்பிட்டுவிட்டுப் போடலாம் என்றிருந்தான். பன்னிரண்டு மணிக்குப் பெட்டியை எடுத்துப் போகிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். பன்னிரண்டு அடிக்கும்போது அவன் பின்தளத்தில் நின்றிருந்தான். கையை நீட்டிக் கார்டைக் கடலில் விட்டான்.

பிரிகிற அன்று மெர்வின் அவனைக் கட்டிக்கொண்டு, "நீ போனா நான் போன மாதிரி மச்சான்" என்றான். பெரிய கப்பலில் ஷ்யாம் ஒரு ஒப்பந்தம்கூட முழுதாக முடிக்கவில்லை. வீட்டில் முதுகுவலி என்று சொல்லிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பெருங்களத்தூரில் மெர்வின் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது.

"வா மச்சான், வா! கரெக்டா ஒரு மணிக்கு வந்துகினு கீற. ஒன் நிமிஷம் லேட்டானா ஒனக்கு ஜொரம் வந்துடுமே."

மெர்வின் கொஞ்சம் பருத்திருந்தான். பக்கத்திலேயே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் துப்புரவு மேற்பார்வை வேலை. அங்கே சங்கச் செயலாளர் யக்ஞநாராயணன், லிப்ட் கண்ணாடியில் விரல் தடம் இருந்தால் படமெடுத்து குரூப்பில் போட்டுவிடுவாராம்.

"அவரு வெரல் தடம்தான் மச்சான் அது. நான் இன்னா, கைரேக நிபுணரா?"

ஜோசலின் வஞ்சிர மீன் குழம்பும் வறுவலும் செய்திருந்தாள். சாப்பிட்டுக்கொண்டே மெர்வின் போனை நீட்டினான். பாலு அண்ணன் அனுப்பிய வீடியோ. குஜராத்தில் ஒரு சேற்றுக் கரையில் கிழவி தலையைச் சாய்த்து நின்றிருந்தாள். உடைக்கப் போகிறார்கள்.

"பாத்தியா? ரெண்டாவது வரிசை, மூணாவது ஜன்னல். நம்ம தளம். அந்த லிப்ட யாரு மச்சான் உடைக்கப் போறாங்க? ரெண்டாவதுல நிக்குமே, அப்பவும் யோசிக்கும் பாரு!"

சிரித்தான். ஷ்யாமும் சிரித்தான். பயணிகளின் படுக்கையில் வைக்கத் துண்டை யானை மாதிரி மடித்ததையும், மெர்வின் மடித்த யானைகளுக்கெல்லாம் தும்பிக்கை தொங்கியதையும், அதைப் பார்த்து ஒரு தாத்தா "இதற்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டதையும் பேசினார்கள். ஜோசலின் ஒவ்வொன்றையும் முதல்முறை கேட்பவள் மாதிரி கேட்டாள். பிறகு தட்டுகளை எடுத்துக்கொண்டே ஷ்யாமைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள்.

"திங்கக்கிழமை இன்டர்வியூவாமே" என்றான் ஷ்யாம்.

"போட்டுக் குடுத்துட்டாளா? வுடு மச்சான்."

"ஏன்டா? சின்னக் கப்பல்தானாம். கிழவி மாதிரியே."

"அதுக்கில்ல." மெர்வின் விரலால் மேசையைத் துடைத்தான். "எனக்கு அந்த வேல சரிப்படாது. ஏழு மாசம் மச்சான். எத்தினி ரூம்பு, எத்தினி ஆளு. ஒருத்தர், ஒரே ஒருத்தர் கார்டுல என் பேர எழுதல. ஒனக்கு எழுதினாங்க, ஏன்னா ஒன்ன ஜனங்களுக்குப் புடிக்கும். என்ன பாத்தா புடிக்காது. மூஞ்சி அப்டி. அத நான் அங்கயே புரிஞ்சிகினேன். லிப்ட் கண்ணாடிக்கு மூஞ்சி தேவயில்ல பாரு."

"அண்ணா, சொல்லுங்க" என்றாள் ஜோசலின்.

ஷ்யாம் தண்ணீர் குடித்தான். நல்ல வார்த்தை நான்கு சொல்லிவிட்டு எழுந்து போகலாம் என்றுதான் வீட்டிலிருந்து வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தான். வாயைத் திறந்தால் வேறு வந்தது.

"உனக்குக் கார்டு வந்துச்சு."

"இன்னாது?"

"213. அந்த ஸ்காட்லாந்து அம்மா. கடைசி நாள் எங்கிட்ட குடுத்தாங்க, பெட்டில போடச் சொல்லி. நான் போடல. போட்டிருந்தா நமக்கு சமமாயிருக்கும். நீ சீனியர். நீதான் போயிருப்ப."

மெர்வின் அவனையே பார்த்தான். ஷ்யாமால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. ஏதாவது நல்லதாகக் கொடுத்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டான். "நீ அவங்களுக்குப் பெத்த பிள்ளை மாதிரின்னு எழுதியிருந்தாங்கடா. இந்தக் கப்பல்லயே நீதான் பெஸ்ட்டுன்னு."

மெர்வின் வாய்விட்டுச் சிரித்தான்.

"டேய்! அந்தம்மாக்குப் புள்ளன்னாலே ஆவாது. ரெண்டு புள்ளயோடயும் பேச்சுவார்த்த இல்லன்னு கப்பலுக்கே தெரியும். பெத்த புள்ள மாதிரின்னு திட்றதுக்குத்தான் எழுதும். நல்லா வுடுற கத! ஏ ஜோசி, நீ சொல்லிக் குடுத்தியா?"

"நான் ஒண்ணும் சொல்லலப்பா."

"இவன் பண்ணுவான், தெரியும். என்ன இன்டர்வியூக்கு அனுப்ப, தன்ன திருடன்னு சொல்லிக்கிறான் பாரு. மச்சான்டா நீ!" தோளில் ஓங்கித் தட்டினான். "அந்தக் கப்பல்ல ஒரு டீ கப்ப கூட எக்குத்தப்பா வெக்காதவன், கார்ட அமுக்கினானாம்."

ஜோசலினும் சிரித்துவிட்டாள். நன்றியோடு ஷ்யாமைப் பார்த்தாள்.

தப்பித்தாயிற்று. சொல்லவும் சொல்லியாயிற்று, அவர்கள்தான் நம்பவில்லை. இதோடு எழுந்து கைகழுவினால் அவன் இந்த வீட்டில் முன்னைவிட நல்லவன். மெர்வின் மட்டும் நாளைக்கும் லிப்ட் கண்ணாடியைத் துடைக்கப் போவான். தோளில் கிடந்த மெர்வினின் கை சூடாக இருந்தது. அதை எடுத்துவிடச் சொல்லத் தோன்றியது ஷ்யாமுக்கு.

"பிள்ளைன்னு எழுதல. அது நானா சேத்தது" என்றான். "அந்த ரூம்ல ரெண்டு படுக்கை. அவங்க வீட்டுக்காரர் செத்துட்டார், தனியாத்தான் வந்தாங்க. நீ தினமும் சாயங்காலம் ரெண்டு படுக்கையையும் விரிச்சு வெப்ப. ரெண்டு தலையணையிலயும் சாக்லேட் வெப்ப. அதை எழுதியிருந்தாங்க."

மெர்வினின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. கையைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டான்.

"என்னங்க அது, சாக்லேட்டு?" என்றாள் ஜோசலின்.

"ஒரு ஆளுக்கு ஒண்ணுதான் வெக்கணும். ரூலு." மெர்வின் அவளைப் பார்க்காமல் சொன்னான். "209-ல சுகர்காரரு வேணாம்பாரு. அத எடுத்து வெப்பேன். சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சா வேல பூடும்னு யாருக்கும் சொல்லல. இவனுக்கும் சொல்லல. ஒனக்கே சொன்னதில்லயே."

கீழே தெருவில் பால்காரரின் வண்டி கேட்டது.

"எங்க போட்ட அத?"

"கடல்ல."

"கடல்லயா." மெர்வின் தலையை ஆட்டிக்கொண்டான், ஏதோ முகவரி கேட்டுத் தெரிந்துகொண்டவன் மாதிரி.

ஜோசலின் குழம்புச் சட்டியை மூடினாள். "மூணு வருஷமா தினமும் காலைல கண்ணாடி முன்னாடி நின்னு சிரிச்சுப் பாக்குறாரு. நான் கேலி பண்ணுவேன். எதுக்குன்னு இப்பத்தான் தெரியுது." சட்டியைத் தூக்கிக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள். "சாப்பிட்டு முடிச்சுட்டுத்தான் சொல்லணும்னு தோணிச்சா உங்களுக்கு?"

அண்ணா என்ற சொல்லை அவள் சொல்லவில்லை. ஷ்யாம் மீன் வறுவல் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்தான்.

"ஜோசி" என்றான் மெர்வின். "என் வெள்ள சட்ட எங்க கீது? அயர்ன் பண்ணணும்."

"நாளைக்கு எட்டரைக்கு வண்டி கொண்டு வர்றேன்" என்று ஷ்யாம் எழுந்தான். "கிண்டி வரைக்கும்..."

"வேணாம். ட்ரெய்ன்ல போய்க்கிறேன்."

வெளியே வந்து ஷ்யாம் செருப்பை மாட்டினான். இரண்டு படி இறங்கியிருப்பான். பின்னால் மெர்வின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஷ்யாம்."

மச்சான் என்று கூப்பிடாமல் அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டது இதுதான் முதல்முறை.

"மொத்தமும் சொல்லு. எழுதியிருந்த மாதிரியே. ஒண்ணும் சேக்காத."

ஷ்யாம் படியில் நின்றபடி சொன்னான். மூன்று வருடமாக மனதில் ஓடிக்கொண்டிருந்ததால் தடுமாறவில்லை. "213-ஐப் பார்த்துக்கொண்ட பையனின் பெயர் மெர்வின். நான் தனியாக வந்தவள். மெர்வின் என் கணவரின் படுக்கையையும் தினமும் விரித்து வைத்தான், அவருக்கும் ஒரு சாக்லேட் வைத்தான். நான் கேட்கவில்லை, அவனும் ஒரு வார்த்தை பேசவில்லை. பதினோரு இரவும் எனக்கு நல்ல தூக்கம் வந்தது."

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான். கீழே கையெழுத்து."

மெர்வின் உதடுகள் லேசாக அசைந்தன. மனப்பாடம் செய்கிறவன் போலிருந்தான். பிறகு உள்ளே போனான். கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. அறைந்து சாத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது ஷ்யாமுக்கு.